ஒரு மாதப் பிள்ளையைத் துணியால நெஞ்சோட கட்டித் தூக்கலாமோ?

கழுத்து நிற்காத பிள்ளையைக் கட்டக்கூடாது எண்டு அம்மம்மா பயப்பிடுறா எண்டு கேட்டிருந்தீங்கள். அவவின்ர பயம் நியாயம்தான். ஆனா துணி கழுத்தை வடிவாத் தாங்கினால் கட்டலாம். முக்கியம் மூச்சு. பிள்ளையின்ர நாடி (முகவாய்) தன்ர நெஞ்சிலயே முட்டினால் சின்னப் பிள்ளைக்கு மூச்சு அடைபடும், சத்தமே வராது. நாடிக்குக் கீழ உங்கட ரண்டு விரல் போகவேணும். குனிஞ்சால் உச்சியில கொஞ்சுற உயரத்தில, முகம் தெரிய இருக்கவேணும். முழங்கால் குண்டியைவிட உயர, தவளைக்கால் மாதிரி.

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்கு மெல்லிய பருத்தித் துணிதான் சரி. பிடரியைத் தொட்டுப் பாருங்கோ, வேர்த்திருந்தால் அவிழுங்கோ. ஏணையில கிடந்து கத்தின என்ர மகள், நெஞ்சில கட்டின கையோட நித்திரையாப் போயிடுவாள்.

அடுப்படிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மட்டும் கட்டிக்கொண்டு போகாதேங்கோ. நிறை குறைஞ்சு பிறந்த பிள்ளையெண்டால் முதல்ல டொக்டரிட்டக் கேளுங்கோ.