மலையில் மோதிய சிறு விமானம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சிறு பயணிகள் விமானம் மலையில் மோதி உயிர்கள் பறிபோனால் விசாரணை எப்படி நடக்கும் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: கறுப்புப் பெட்டி கிடைத்தால் வேலை முடிந்ததுதானே?

பல சிறு விமானங்களில் அதைப் பொருத்த வேண்டிய கட்டாயமே இல்லை. தரையில் கிடப்பவைதான் சாட்சி. முதலில் மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள் நான்கும் அங்கேயே கிடக்கின்றனவா என்று பார்ப்போம். ஒன்று குறைந்தாலும், வானிலேயே உடைந்ததோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

கேள்வி: மோதும்போது என்ஜின் ஓடியதா என்று எப்படித் தெரியும்?

ப்ரொப்பல்லரைக் கேளுங்கள். விசையோடு சுழன்று மண்ணில் அடித்த தகடுகள் முறுக்கிக்கொண்டு பாம்புபோல் நெளிந்திருக்கும். முன்விளிம்பில் கல் பட்ட வெட்டுகள் தெரியும். அருகிலுள்ள கிளைகள் கத்தியால் நறுக்கியதுபோல் சாய்வாக விழுந்திருக்கும். மோதும் நேரத்தில் விமானி அறையின் எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்பதை அதன் இழையும் சொல்லும். எரிந்துகொண்டிருந்த இழை சூட்டில் இளகியிருப்பதால் மோதலில் இழுபட்டு நீளும். அணைந்திருந்த இழை பட்டென்று ஒடியும். எல்இடி வந்து இந்தச் சாட்சியைப் பறித்துக்கொண்டது, போகட்டும்.

கேள்வி: எல்லாம் சரியாக இயங்கியிருந்தால் ஏன் மோத வேண்டும்?

நோயில்லாத விமானம், கட்டுப்பாட்டை இழக்காத விமானி, மேகத்துக்குள் மறைந்த மலை. இங்கே ‘எது உடைந்தது’ என்று தேடிப் பயனில்லை. தான் எங்கே பறப்பதாக விமானி நம்பினார் என்பதைத் தேட வேண்டும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் உண்மையான காற்றழுத்தத்தைவிட 10 ஹெக்டோபாஸ்கல் கூட்டி வைத்திருந்தால், அது ஏறக்குறைய 270 அடி அதிக உயரம் காட்டும். மலைமுகட்டைத் தாண்ட அந்த 270 அடிதான் குறைந்திருக்கலாம்.

கேள்வி: எச்சரிக்கும் கருவி இல்லையா?

உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 விமானம் வர்ஜீனியா மலையில் மோதி 92 பேர் இறந்த பிறகே அமெரிக்காவில் பெரிய விமானங்களுக்கு அது கட்டாயமானது. சிறியவற்றுக்கு வந்து சேர ரொம்பக் காலம் பிடித்தது.

கேள்வி: கடைசியில் ‘விமானி தவறு’ என்றுதானே எழுதுவீர்கள்?

அந்த இரண்டு சொற்களோடு முடியும் அறிக்கையை நான் அறிக்கையாகவே மதிப்பதில்லை. விசாரணை பழி சுமத்துவதற்கல்ல என்று சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிக்காகோ ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பே சொல்கிறது. மேகத்துக்குள் ஏன் நுழைந்தார்? முந்தைய இரவு எவ்வளவு தூங்கினார்? பாதி வழியில் திரும்பி வந்தால் முதலாளி முகம் சுளிப்பாரோ? இவற்றுக்கும் பதில் வேண்டும்.

கேள்வி: எத்தனை நாளாகும்?

முதற்கட்ட அறிக்கை 30 நாளில். இறுதி அறிக்கைக்கு 12 மாதம் இலக்கு, தாண்டுவது புதிதல்ல.