தால்மோரின் அடுத்த குறி எது? வாசகர் கேள்வி பதில்

‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வீடியோ கேம் உலகில், எல்ஃப்களின் நாடான அல்ட்மெரி டொமினியனை ஆளும் தால்மோர் குழுவினர் அடுத்து எங்கே படை நடத்துவார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஆண்டுகள் எல்லாம் நாலாம் யுகக் கணக்கு. அந்தத் தொடரின் ‘ஸ்கைரிம்’ கேமில் கதை நடப்பது 201ல்.

கே: டொமினியன் மறுபடி போர் தொடுத்தால் நேராக மனிதர்களின் பேரரசின் தலைநகரான இம்பீரியல் சிட்டிக்குத்தானே போவார்கள்?

ப: போனால் பழைய தப்பையே இரண்டாம் முறை செய்கிறார்கள் என்று அர்த்தம். 171ல் மூடிய வண்டியில் ‘பரிசு’ என்று பேரரசருக்கு உழைத்த பிளேட்ஸ் அமைப்பின் ஒற்றர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரின் தலைகளை அனுப்பிவிட்டுப் போரைத் தொடங்கினார்கள். டொமினியன் தளபதி நாரிஃபின் பிரபு எல்ஸ்வேர் வழியாக வந்து பேரரசின் லெயாவின் நகரைப் பிடித்தார். இன்னொரு தளபதி அரனெல்யா சீமாட்டி வேலன்வுட்டிலிருந்து கிளம்பி, ஆன்வில், க்வாட்ச் நகரங்கள் இரண்டையும் தொடாமல் சுற்றிக்கொண்டு, அப்போது பேரரசின் மாகாணமாக இருந்த ஹேமர்ஃபெல்லுக்குள் புகுந்தார். 174ல் தலைநகரும் விழுந்தது. ஆனால் பேரரசர் இரண்டாம் டைட்டஸ் மீட் முற்றுகையை உடைத்துக்கொண்டு வடக்கே போய், பேரரசின் வட மாகாணமான ஸ்கைரிமிலிருந்து வந்த லீஜியன்களோடு (படைப்பிரிவுகளோடு) சேர்ந்துவிட்டார். நகரைப் பிடித்த டொமினியன், பேரரசரின் படையைக் கோட்டைவிட்டது. அடுத்த ஆண்டு ரெட் ரிங் சண்டையில், நகருக்குள் உட்கார்ந்திருந்த அவர்களுடைய படையே வளைக்கப்பட்டு அழிந்தது.

பேரரசு ஜெயித்தும் என்ன பயன்? எந்த லீஜியனிலும் பாதிப் பேருக்கு மேல் சண்டைக்குத் தேறவில்லை. அதனால்தான் மனிதர்கள் கும்பிடும் டாலோஸ் தெய்வத்தின் வழிபாட்டுக்குத் தடை, தெற்கு ஹேமர்ஃபெல்லை விட்டுக்கொடுப்பது என்று தோற்றவர் போலச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. (இந்த விவரங்கள் கேமுக்குள் கிடைக்கும் ஒரு போர் வரலாற்றில் உள்ளவை. எழுதியவர் பேரரசின் லீஜியன் ஒன்றை நடத்தியவர். பேரரசர் எடுத்த முடிவுகளை அவர் புகழும் இடங்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.)

தால்மோருக்கு இதிலிருந்து கிடைத்த பாடம், தலைநகரை விடப் பேரரசுக்கு ஆள் கிடைக்கும் இடம் முக்கியம் என்பது. அந்த இடம் ஸ்கைரிம்.

கே: அப்படியானால் ஸ்கைரிமில் பேரரசுக்கு எதிராகக் கலகம் நடத்தும் அல்ஃப்ரிக் ஸ்டார்ம்க்ளோக், தால்மோரின் கையாள்தானா?

ப: தால்மோர் தூதர் எலன்வென்னின் தூதரகத்துக்குள் நுழையும் குவெஸ்டில் அல்ஃப்ரிக்கைப் பற்றிய கோப்பு ஒன்று கிடைக்கும். பலர் அதில் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு ‘துரோகி’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவரால் ஆதாயம் உண்டு, ஆனால் அவர் ஒத்துழைப்பதில்லை என்பதுதான் அதில் உள்ள குறிப்பு. கடைசிப் பகுதிதான் முக்கியம்: ஸ்டார்ம்க்ளோக் வெற்றியும் தவிர்க்கப்பட வேண்டும், மறைமுக உதவியைக்கூட அளந்துதான் செய்ய வேண்டும் என்கிறது. கேமின் தொடக்கத்தில் ஹெல்கன் ஊரில் பேரரசு நிறைவேற்றப் பார்த்த மரண தண்டனையில் அவர் தலை போயிருந்தால் பேரரசு ஜெயிக்கும் வாய்ப்பு கூடியிருக்கும், அது தங்கள் நிலைக்குக் கேடு என்றும் இருக்கிறது. ஆக, உள்நாட்டுப் போர் இழுத்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். அதில் சாகிற ஒவ்வொரு நோர்டும் (ஸ்கைரிம்காரரும்) நாளைக்குப் பேரரசின் மைய மாகாணமான சிரோடிலுக்கு வர முடியாத ஒரு வீரன்.

கே: ட்ராகன்களைக் கிளப்பிவிட்டதும் தால்மோர்தானா?

ப: இல்லை. கேமில் வரும் பிளேட்ஸ் உறுப்பினர் டெல்ஃபினுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. தூதரகக் காகிதங்களைப் பார்த்தால், தால்மோரும் அதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள்.

கே: ஹேமர்ஃபெல்லில் ஏன் தோற்றார்கள்? மறுபடி அங்கே போவார்களா?

ப: அங்கிருந்த பேரரசுத் தளபதி டெசியானஸை லீஜியன்களோடு சிரோடிலுக்குத் திரும்பச் சொன்னபோது, ‘உடம்பு முடியாதவர்கள்’ என்று கணக்குக் காட்டி நிறைய வீரர்களை விடுவித்து அங்கேயே விட்டுப்போனார். அந்த ‘நோயாளிகள்’தான் 174 கடைசியில் அரனெல்யாவை ஹேமர்ஃபெல்லின் அலிக்கர் பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் விரட்டினார்கள். பின்வாங்கும் வழி நெடுக அலிக்கர் வீரர்கள் அரித்தெடுத்தார்கள்.

பாலைவனத்தில் பின்வாங்குவது எப்படிப்பட்ட வேலை என்பதற்கு ஒரு கணக்கு. கேமில் எண்கள் கிடையாது, நிஜப் படைகளை வைத்து நான் போட்டது. 10,000 வீரர், 2,000 குதிரை என்று வையுங்கள். வெயிலில் நடக்கும் ஆளுக்கு நாளைக்கு 6 லிட்டர், குதிரைக்கு 40 லிட்டர். மொத்தம் 1,40,000 லிட்டர். ஒரு பொதிமிருகம் 150 கிலோ சுமந்தால், ஒரே ஒரு நாள் தண்ணீருக்கு 930க்கும் மேல் மிருகங்கள் வேண்டும். அவை குடிப்பது தனி. அதனால் படை கிணற்றுக்குக் கிணறு தாவித்தான் நடக்க முடியும். அடுத்த கிணறு எது என்று உள்ளூர்க்காரனுக்குத் தெரியும். அவன் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்வான்.

மறுபடி போவார்களா என்றால், போவார்கள் என்றே நினைக்கிறேன். அந்தச் சமாதான ஒப்பந்தத்தை ஏற்க மறுத்த ஹேமர்ஃபெல்லைப் பேரரசரே கைவிட, அது தனியாகவே சண்டை போட்டு, 180ல் இரண்டாம் ஸ்ட்ரோஸ் எம்காய் ஒப்பந்தத்தில் டொமினியனை முழுசாக வெளியேற வைத்தது. இன்றைக்கு அதற்குத் துணை வரக் கடமைப்பட்டவர் யாரும் இல்லை. இந்த முறை பாலைவனம் பக்கமே போகாமல் துறைமுகங்களை மட்டும் பிடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் ஸ்கைரிம் சண்டை ஓயாதவரைதான் இது நடக்கும். ஓய்ந்துவிட்டால் பேரரசும் ஹேமர்ஃபெல்லும் மறுபடி கை கோத்துக்கொள்ள இடம் உண்டு.

கே: உலகத்தைத் தாங்கி நிற்பதாகச் சொல்லப்படும் மாயக் கோபுரங்களை அணைத்து உலகத்தையே கலைப்பதுதான் தால்மோர் திட்டம் என்கிறார்களே?

ப: படிக்கச் சுவையான ஊகம். அதற்கு வேர், முன்பு இந்தக் கேம்களுக்கு எழுதிய மைக்கேல் கிர்க்பிரைட் கேமுக்கு வெளியே எழுதியவற்றில் இருக்கிறது. உலகமே கலையட்டும் என்பவர்களுக்கும் சாப்பாட்டு வண்டி வேண்டும். படை நகர்வைக் கணிக்க இது உதவாது.

கே: நண்பர்களோடு டேபிள்டாப்பில் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டில்) ஹேமர்ஃபெல் மேல் இந்தப் படையெடுப்பை நடத்தப் போகிறேன். திட்டத்தை எப்படி வரைவது?

ப: கப்பலிலிருந்து தொடங்குங்கள். கப்பலுக்கு 150 பேர் என்றால் 10,000 பேருக்கு 67 கப்பல். ஆளுக்கு ஒரு கிலோ வீதம் 60 நாள் தானியம் 600 டன், 50 டன் ஏற்றும் கப்பலானால் 12. இதுவரை சரி. 2,000 குதிரையை ஏற்றப் பார்த்தால், கப்பலுக்கு 20 என்று 100 கப்பல் கேட்கும்! ஆகவே 300 குதிரையோடு நிறுத்துங்கள்: அதற்கு 15 கப்பல், நாளைக்குப் பத்துக் கிலோ தீவனம் என்று 180 டன்னுக்கு இன்னும் 4. மொத்தம் 98, குடிநீர்க் கப்பல்கள் தனி. குதிரைப்படை குறைந்த எதிரி உள்நாட்டுக்குள் துரத்த முடியாது, கரையை ஒட்டியே நிற்பான். உங்கள் ஆட்டக்காரர்கள் அடிக்க வேண்டிய இடம் அங்கே தானாகக் கிடைத்துவிடும்.

பிறகு ஆறு கட்டம் போட்ட ஒரு காலக்கோடு. ஒற்றர், தீவுத் தளம், தானியக் கிடங்கு, கப்பல் கூடுதல், தரையிறக்கம், துறைமுக முற்றுகை. ஆட்டக்காரர்கள் கை வைக்காத ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு கட்டம் நகர்த்துங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒரு அடையாளம் இருக்கட்டும்: தானிய விலை ஏறுவது, பாய்மரத் துணி சந்தையில் கிடைக்காமல் போவது, மீனவர்கள் ஒரு தீவுப் பக்கம் போக மறுப்பது. இது இல்லாவிட்டால் தரையிறக்கம் திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றி, மேசையில் முணுமுணுப்புக் கிளம்பும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் வேறு. எதிரிக்கு எல்லாம் தெரியும் என்று நடத்துவார்கள். தால்மோரிடம் தப்பான தகவல் இரண்டாவது இருக்கட்டும். உதாரணமாக, ஹேமர்ஃபெல்லின் ஹெகாதே நகரக் காவல்படை எவ்வளவு என்பதில் அவர்கள் கணக்கைப் பாதியாக வையுங்கள். போன போரில் தென்கரை முழுதும் விழுந்தபோதும் விழாத ஊர் அது.