சோக்கை எடுத்ததும் நின்றுவிடும் செயின்சா: போர் போய்விட்டதா?

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். ஆடிக்காற்றில் சாய்ந்த வேப்பமரத்தை அறுக்க, போன வருடத்திலிருந்து சாளையில் கிடந்த செயின்சாவை எடுத்தேன். சோக் போட்டுக் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. கடைக்காரர், போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்புறம்) போய்விட்டது, 6,000 ரூபாய் ஆகும் என்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட் ஆகிற மிஷினில் பிளக் தீப்பொறி வருகிறது, ஓரளவு கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறனும்) இருக்கிறது. சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகப் போகும். அப்போது மட்டும் ஓடுகிறது என்றால், மற்ற நேரத்தில் அதற்குப் போதுமான பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இதை மட்டும் வைத்து போர் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

முதலில் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் ரப்பரையும் கெடுக்கும். பெரும்பாலான செயின்சா கம்பெனிகள் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்கின்றன. ஆனால் பங்கில் வேறு பெட்ரோல் கேட்டால் எங்கே கிடைக்கிறது? மருந்தடிக்கும் மிஷின், புல் வெட்டும் மிஷின் என்று சின்ன எஞ்சின் இல்லாத தோட்டமே இந்தப் பக்கம் இல்லை. இவற்றை யோசிக்காமலே எத்தனால் கலப்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். செலவு விவசாயி தலையில் விழுகிறது.

புதுப் பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றுங்கள். மிஷின் கம்பெனியின் ஆயில் என்றால் பொதுவாக லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 40 மில்லி. பைக் எஞ்சின் ஆயில் கூடவே கூடாது.

அப்புறமும் நின்றால், எஞ்சின் ஆறிய பிறகு பிளக் கேப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வளைத்த கம்பியால் டேங்குக்குள் இருக்கும் ஓஸை வெளியே இழுங்கள். அதன் நுனியில் பெட்ரோல் பில்டர் இருக்கும். அழுக்கேறியிருந்தால் மாற்றுங்கள், விலை சொற்பம்தான். ஓஸ் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கொஞ்ச நேரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால் கார்ப்பரேட்டர்தான். உள்ளே இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்துப் போயிருக்கலாம். அதற்கு ரிப்பேர் கிட் தனியாகக் கிடைக்கும். முழு கார்ப்பரேட்டரையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி பெயர் அச்சிட்ட அட்டையில் போலி கார்ப்பரேட்டர்கள் நிறையவே வருகின்றன.

இனி அந்தக் கடைக்காரர் விஷயம். தானே பிரித்துப் பார்க்காமல், கோயமுத்தூருக்கு அனுப்புகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டு நடுவில் கமிஷன் பார்ப்பவர்கள் பலர். போர் போய்விட்டது என்று சொன்னால், சைலன்சரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நாலைந்து நிமிட வேலை. அந்த ஓட்டை வழியாக பிஸ்டன் கண்ணுக்கே தெரியும். மேலும் கீழுமாக ஆழமான கீறல் இல்லை என்றால் அவர் சொல்வதை நம்ப வேண்டாம். மாற்றிய பாகங்களைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். மிஷினை விற்கும்போது ஓடி ஓடி விற்பவர்கள், இதைச் சொல்லித் தர ஒரு ஆளைக் கூட வைப்பதில்லை. இங்கிலீஷில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது அவர்களுக்கு.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். நிற்பதற்கு முன்னால் ரேஸ் கொடுக்காமலே எஞ்சின் தானாகக் கத்துகிறதா? மிஷினைச் சாய்த்தால் சத்தம் ஏறி இறங்குகிறதா? அப்படியென்றால் மேலே சொன்னது எதையும் செய்யாதீர்கள், உடனே நிறுத்துங்கள். எஞ்சின் சீலிலோ கார்ப்பரேட்டரை ஒட்டிய ரப்பரிலோ காற்று புகுந்து, பெட்ரோலின் பங்கைக் குறைக்கிறது. பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். இன்னும் ஒரு மரம் என்று ஓட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இன்று கடைக்காரர் பொய்யாகச் சொன்ன போர், நாளை நிஜமாகவே போய்விடும். சோக் போட்டபடியே ஓட்டி வேலையை முடிக்கவும் வேண்டாம். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் எல், ஹெச் திருகுகளைத் திருப்பிச் சரி செய்கிறேன் என்று யாராவது திருப்புளியோடு வந்தால் மிஷினை வாங்கி வைத்துவிடுங்கள். ஹெச் திருகைத் தப்பாக இறுக்கினாலும் இதே கதிதான்.

மரம் அறுத்து முடித்த பிறகு டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டுச் சாளையில் வையுங்கள். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.