வாசகர் கேள்வி பதில்: மட்சா நுரையும் தேநீர்த் தோட்டமும்

கேள்வி: ஜப்பானிலிருந்து தம்பி மட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளும் அதை அடிக்கும் மூங்கில் மத்தும் அனுப்பினான். அடித்துப் பார்த்தால் கட்டி கட்டியாக நிற்கிறது, கசக்கிறது, நுரையும் வரவில்லை. எங்கே பிழை?
– வாசகி, உவர்மலை

பதில்: மூன்றுக்கும் மூன்று காரணம். கட்டிக்குக் காரணம் நம் கடற்காற்றின் ஈரம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த டின்னை உடனே திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். குளிர் போனபின் திறவுங்கள். ஒவ்வொரு முறையும் தேயிலை வடியில் சலித்தே கிண்ணத்தில் போடுங்கள். கசப்பு, கொதிநீரால் வருவது. 75 முதல் 80 பாகைச் சூடு போதும். 2 கிராம் தூளுக்கு 60–70 மில்லிலீற்றர் தண்ணீர். கிணற்று நீர் உவர் என்றால் தேநீரும் சப்பென்றிருக்கும், போத்தல் நீர் எடுங்கள்.

நுரைதான் கைப்பழக்கம். மத்தை முதலில் வெந்நீரில் நனையுங்கள். காய்ந்தபடி அடித்தால் இழைகள் முறியும். மோர் கடைவதுபோலச் சுழற்றவே கூடாது. மணிக்கட்டால் முன்னும் பின்னும் விரைவாக, நுனி கிண்ணத்தின் அடியில் உரசாமல் அடியுங்கள். கடைசியில் மத்தை மேலே கொண்டுவந்து மெல்ல அசைத்தால் பெரிய குமிழிகள் உடைந்துவிடும். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு மரபுகளுள் உராசென்கே மரபில் நுரை நிறைய, ஒமோத்தேசென்கே மரபில் கொஞ்சம். ஆகவே நுரை குறைந்தால் மனம் சோரவேண்டாம். மத்துக்குச் சவர்க்காரம் போடாதீர்கள். அலசி நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி: வளவில் ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்கான ஒரு தேநீர்த் தோட்டம் அமைக்கிறேன். பாசி காய்ந்துபோகிறது. பாதையோரம் மல்லிகை நடலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: பாசியை விட்டுவிடுங்கள், சோழகக் காற்றுக்கு அது தாங்காது. 'ரோஜி' என்பது விருந்தினர் தேநீர் அறைக்கு நடந்துவரும் பாதை, பாசி இல்லாமலும் அது ரோஜிதான். ஜப்பானில் குளிர்காலத்தில் உறைபனி தாக்காதிருக்கப் பாசிமேல் காய்ந்த பைன் இலைகளைப் பரப்புவார்கள். நீங்கள் சவுக்குச் சருகைப் பரப்புங்கள், அழகாகப் பொருந்தும். மல்லிகை வேண்டாம். அறைக்குள் வைக்கும் பூவிலேயே கண் நிற்கவேண்டும் என்பதால் பாதையில் மணமும் நிறமும் மிகுந்த பூக்களைத் தவிர்ப்பார்கள்.

கைகழுவும் கற்தொட்டியில் உழைப்பைப் போடுங்கள். 'ட்சுகுபாய்' என்ற பெயரே குந்துவதைக் குறிப்பது. விருந்தினர் குந்தித்தான் நீர் அள்ளவேண்டும், உயர்த்திக் கட்டினால் அதன் பொருளே போய்விடும். முன்னால் குந்துவதற்கு ஒரு தட்டைக்கல். அதற்கும் தொட்டிக்கும் நடுவே பள்ளம் தோண்டிக் கூழாங்கல் நிரப்புங்கள். அங்கே சீமெந்து பூசினால் நீர் தேங்கும். உங்கள் மணல் தரை தானாகவே உறிஞ்சிவிடும். தொட்டி நீரைத் தினமும் வெளியே ஊற்றிவிட்டு உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையேல் நுளம்பு பெருகும். விருந்தினர் வருமுன் கற்களுக்கும் இலைகளுக்கும் நீர் தெளிப்பது முறை. நண்பகலில் தெளித்தால் அவர்கள் படலையைத் திறக்குமுன்னே காய்ந்துவிடும். மாலை 5 மணிக்குப் பிறகு அழையுங்கள்.