மூளை ரத்தக்கசிவு: அறிகுறிகள் பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: எனக்கு அடிக்கடி ஒற்றைத் தலைவலி வருகிறது. மூளையில் ரத்தம் கசிகிறதோ?

பதில்: பல ஆண்டுகளாக ஒரே மாதிரி வந்து போகும் வலியென்றால் பெரும்பாலும் இல்லை. நான் அஞ்சுவது, மண்டையில் இடி இறங்கியதுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலிக்கு. ரத்தக்குழாயில் இருந்த புடைப்பு வெடித்து, மூளையின் உறைகளுக்கு நடுவே ரத்தம் பரவும்போது அப்படி வலிக்கும். வாந்தி, கழுத்து இறுக்கம், வெளிச்சத்தில் கண் கூசுதல், சில நொடி நினைவு தப்புதல் ஆகியவையும் சேரலாம். வலி தணிந்தாலும் படுத்துவிடாதீர்கள். 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் இந்தக் கசிவு அநேகமாகத் தப்பாது. தாமதித்தால், ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதும் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

கேள்வி: தூங்கி எழுந்தால் கை மரத்திருக்கிறது. உதறினால் சரியாகிறது.

பதில்: நரம்பு அழுந்தியிருக்கும். கசிவு உதறினால் போகாது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. மூன்று வாரம் முன்பு லேசாக வழுக்கி விழுந்தார். இப்போது நடை தள்ளாடுகிறது, பேச்சு குழம்புகிறது. வயதுதானே காரணம்?

பதில்: இன்றே அழைத்துச் செல்லுங்கள். முதுமையில் மூளை சுருங்குவதால் அதன் மேற்பரப்புச் சிரைகள் இழுபட்டு நிற்கும். சிறு அடியிலும் கிழியும். ரத்தம் மெல்லச் சேர்ந்து, வாரங்கள் கழித்து மூளையை அழுத்தும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மறதி நோய் என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்குப் பெரிய வருத்தம் அதுதான். மண்டையோட்டில் துளையிட்டு ரத்தத்தை வடித்தால் பலர் தேறிவிடுகிறார்கள்.

கேள்வி: வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்தால் உடனே ஆஸ்பிரின் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ரத்தக்குழாய் அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை வளர்க்கும்.

கேள்வி: என் மாமாவுக்குக் கொடுத்தோம், பிழைத்தார். அடைப்புதானே அதிகம் வருகிறது? கொடுப்பதில்தானே லாபம்?

பதில்: உங்கள் மாமாவுக்கு வந்தது அடைப்பாக இருந்திருக்கும். அடைப்பே அதிகம் என்பதும் உண்மை. ஆனாலும் கணக்கு தவறு. அடைப்பென்று உறுதியானதும் மருத்துவமனையிலேயே ஆஸ்பிரின் கொடுப்பார்கள். சற்று முந்திக் கொடுப்பதால் பெரிய பலன் இல்லை. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் வழக்கமாக ஒரு நாள் கழித்துத்தான் ஆஸ்பிரினே தொடங்குவார்கள். விழுங்கும் திறன் போயிருந்தால் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் இறங்கும். வாய்வழியாக எதுவும் வேண்டாம். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே கெடு.

கேள்வி: அரை மாத்திரை?

பதில்: அரையும் கூடாது.

கேள்வி: விரல் நுனியில் ஊசியால் குத்தினால்?

பதில்: பயனில்லை. குத்தும் நேரத்தில் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: தலையில் அடிபட்டு மயங்கியவர் உடனே எழுந்து நன்றாகப் பேசுகிறார். அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். மண்டையோடு உடைந்து தமனி கிழிந்தால், இடையில் சில மணி நேரம் இப்படித் தெளிவாக இருப்பார்கள். பிறகு தலைவலி கூடும், வாந்தி தொடரும், தூக்கம் அழுத்தும், ஒரு கண்மணி மட்டும் விரியும். அதற்கு முன்பே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.