பில்கள் அழியவில்லை, வேறு ஃபோல்டரில் இருக்கின்றன

கேள்வி: ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 2004-இல் எழுதி வாங்கிய பில்லிங் சாஃப்ட்வேரைப் புது விண்டோஸ் 11 கணினியில் போட்டு ஒரு மாதம் ஆகிறது. நேற்று பிரிண்ட் வரவில்லை என்று ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்தேன். இந்த மாத பில் ஒன்றுகூட இல்லை! சாதாரணமாகத் திறந்தால் எல்லாம் இருக்கிறது. யூஏசியை (அட்மின் அனுமதி கேட்டு நிறுத்தும் விண்டோஸ் பாதுகாப்பு ஏற்பாடு) நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். பில்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இதைச் சரிசெய்யும்வரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து புது பில் எதுவும் போடாதீர்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலும் அட்மின் கணக்கிலேயே வேலை பார்த்தோம். அதனால் புரோகிராம் எழுதியவர்கள் டேட்டாவையும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே வைத்தார்கள். 2007-இல் விஸ்டா வந்தபோது அங்கே எழுதுவதற்குத் தடை வந்தது. பழைய 32-பிட் புரோகிராம்கள் அதனால் முடங்கிவிடக் கூடாது என்று விண்டோஸ் ஓர் ஏற்பாடு செய்தது. அங்கே எழுத வந்தால் தடுக்காமல், உங்கள் பெயரில் தனியாக ஒரு நகல் எடுத்து அதில் எழுதவிடும். புரோகிராமுக்கு இது தெரியாது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் இந்த ஏற்பாடு கிடையாது, அசல் ஃபைலே திறக்கும். நேற்று நீங்கள் பார்த்தது அந்த அசலைத்தான். யூஏசியை முழுதாக நிறுத்தினாலும் இதே கதைதான், கூடவே பாதுகாப்பும் போய்விடும்.

அந்த நகலைப் பார்க்க சி டிரைவில் யூசர்ஸ், அதில் உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்று உள்ளே போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ‘ஷோ’ போய் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்தால் தெரியும். விர்ச்சுவல்ஸ்டோருக்குள் ‘புரோகிராம் ஃபைல்ஸ் (x86)’, அதற்குள் உங்கள் சாஃப்ட்வேர் பெயரில் ஃபோல்டர் இருக்கும். டேட்டா ஃபைலின் பெயர் பெரும்பாலும் எம்டிபி (.mdb) என்று முடியும். இரண்டு இடத்து ஃபைல்களின் தேதியையும் பாருங்கள், எது புதியது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கடைப்பையன் வேறு லாகினில் பில் போட்டிருந்தால் அவர் பெயரிலும் ஒரு நகல் இருக்கும், அதையும் தேடுங்கள்.

சரி, இனி வேலை. சாஃப்ட்வேரை மூடிவிட்டு எல்லா நகல்களையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் ‘கடை’ என்று புது ஃபோல்டர் போட்டு, சாஃப்ட்வேரை அங்கே மாற்றி, இந்த மாத பில்கள் உள்ள புதிய எம்டிபியை அதில் வையுங்கள். அங்கே சாதாரணக் கணக்கும் எழுதலாம். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டையும் புதிதாகப் போடுங்கள்.

சில சாஃப்ட்வேர் இடம் மாற்றினால் ஓடாது. அப்படியானால் புதிய எம்டிபியைப் பழைய இடத்திலேயே வைத்து, ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டிக்குப் போய் ‘யூசர்ஸ்’ வரிசையில் ‘மாடிஃபை’ அனுமதி கொடுங்கள். ஃபைலுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. எம்டிபி திறக்கும்போது பக்கத்திலேயே எல்டிபி (.ldb) என்று ஒரு பூட்டு ஃபைலை உருவாக்கும், அதற்கும் இடம் வேண்டும். அப்புறம் விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள நகலின் பெயரைக் கட்டாயம் மாற்றுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் அதைத்தான் முதலில் படிக்கும். இதை மறந்துவிட்டுப் பலர் மறுபடி தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு நகலிலும் பில் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றை காப்பி செய்யாதீர்கள். குறைவாக பில் உள்ள நகலில் இருப்பவற்றை மற்றதில் கையால் அடிப்பதே நல்லது. கடைசி பில் எண் பில் புத்தகத்தோடு ஒத்துப்போகும்வரை பென் டிரைவை அழிக்க வேண்டாம்.