மனைவிக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கற நரம்பு நோய்) இருக்கு, மத்தியானம் ஆனா சோர்ந்து படுத்துடறாங்க. குடும்பத்தை எப்படி சமாளிக்கறது?

"எம்ஆர்ஐ-ல புதுசா ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார், ஆனாலும் படுத்துடறாங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த பதில். வீட்ல உங்க அம்மாவும் இருக்காங்கன்னு நினைக்கறேன், அவங்க ஏதோ சொல்லியிருப்பாங்க, நீங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுட்டு இதை கேக்கறீங்க.

எனக்கு எம்.எஸ்.னு தெரிஞ்சது 2015ல, சின்னவன் அப்ப கைக்குழந்தை. ஒரு பக்க கண்ணு மங்கிச்சு, ஸ்டீராய்டு ஏத்துனாங்க, பார்வை திரும்பிடுச்சு, எல்லாரும் சரியாயிடுச்சுன்னு நினைச்சாங்க. இந்த சோர்வு மட்டும் போகவே இல்ல. ஸ்கேன்ல புதுசா புள்ளி இல்லன்னா சோர்வும் இருக்கக் கூடாதுன்னு கணக்கு கிடையாதுங்க. எம்.எஸ். இருக்கறவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு மேல இது இருக்கு, ராத்திரி நல்லா தூங்கி எழுந்தாலும் வரும். வேலை செஞ்சு களைச்சுப் போறது வேற. இது வந்தா கை கால்ல இருக்கற தெம்பு மொத்தமா இறங்கிடும், நாக்கு குழறும், பிள்ளை வந்து ஏதாவது கேட்டா பதில் சொல்ல வார்த்தை கிடைக்காது.

எங்க வீட்ல என்ன ஆச்சுன்னா, காலைல நான் இட்லி ஊத்தி சட்னி அரைச்சு ரெண்டு பிள்ளைங்களுக்கும் டிபன் கட்டி அனுப்பறதை அத்தை பாப்பாங்க, ரெண்டு மணிக்கு நான் கட்டிலோட கட்டிலா கிடக்கறதையும் பாப்பாங்க. "காலைல நல்லாத்தானே இருந்தா"ன்னு சொல்லுவாங்க. மாமியாரை குறை சொல்ல வந்துட்டான்னு யாரும் ஆரம்பிக்க வேண்டாம், கண்ணுக்கு தெரியாத ஒண்ண அவங்க எப்படி நம்புவாங்க? என் வீட்டுக்காரர் அடுத்த தடவை நியூராலஜிஸ்ட் கிட்ட போறப்போ அத்தையையும் கூட்டிட்டு வந்தார். டாக்டர் என்னை விட்டுட்டு அவங்க பக்கம் திரும்பி உக்காந்து, நரம்பு மேல இருக்கற உறை அங்கங்க ரப்பர் உரிஞ்ச வயர் மாதிரி ஆயிருக்கும்மா, மூளை சொல்றது கை காலுக்கு போய்ச் சேர இவங்களுக்கு ரொம்ப சக்தி செலவாகுது, உடம்பு சூடு அரை டிகிரி ஏறினாக்கூட இன்னும் கஷ்டம்னு பொறுமையா சொன்னார். (எங்களை மாதிரி நோயாளிங்களுக்கு கொஞ்சம் உடம்பை அசைச்சா கண்ணு மங்கறதை ஊத்தாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் 1890லயே எழுதி வச்சிட்டார், அதுக்கு காரணம் சூடுதான்னு பிறகு தெரிஞ்சுது. நாங்க கட்டி விடற கதை இல்ல.)

அதுக்கப்புறம் ஒரு மே மாசம், நாத்தனார் பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. கத்திரி வெயில், அதுவும் திருச்சி வெயில், மண்டபத்துல ஏசி கிடையாது. வரிசைத் தட்டு எடுத்து வச்சு முடிக்கறதுக்குள்ள இடது கால் இழுக்க ஆரம்பிச்சிருச்சு, எதிர்ல வர்றவங்க முகம் தெரியல. பக்கத்து ரூம்ல ஈரத்துண்டை கழுத்துல சுத்திக்கிட்டு படுத்துட்டேன். பந்தி நேரத்துல ஒரு பெரியம்மா "மூத்த மருமக எங்க, பரிமாறக்கூட வரமாட்டாளா"ன்னு சத்தமா கேக்கறாங்க. அத்தைதான் பதில் சொன்னாங்க. "அவளுக்கு நரம்புல கோளாறு, சூடு ஆகாது, அவ செய்ய வேண்டியதை செஞ்சுட்டா, நீங்க இலையில உக்காருங்க." உள்ள படுத்துட்டே கேட்டேன். இதை டைப் பண்றப்பவும் கண்ணு கலங்குது.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, தினமும் "முடியுதா, முடியலையா"ன்னு அவங்களை கேக்காதீங்க. கேட்டா அவங்க முடியும்னுதான் சொல்லுவாங்க, செஞ்சுட்டு அடுத்த ரெண்டு நாள் எழுந்திருக்க மாட்டாங்க. சில வேலையை நிரந்தரமா நீங்க எடுத்துக்கோங்க. எங்க வீட்ல மாவு அரைக்கறது, ராத்திரி பாத்திரம், பிள்ளைங்க சாயங்கால டியூஷன் எல்லாம் அவர் பொறுப்பு, எனக்கு தெம்பு இருக்கற நாள்லயும் அவர்தான். காய் முந்தின நாளே நறுக்கிடுவோம், அடுப்படியில ஸ்டூல் போட்டு உக்காந்துதான் சமைப்பேன், வெந்நீர்ல குளிக்கறதை விட்டாச்சு. மத்தியானம் ஒரு மணி நேரம் எனக்கு சோர்வு வந்தாலும் வராட்டியும் படுக்கறேன், அது வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச நேரம், யார் கிட்டயும் காரணம் சொல்ல வேண்டியதில்ல. காலைல வெயில் ஏறுறதுக்குள்ள பிசியோ சொல்லித்தந்த பயிற்சியும் செய்யறேன், சும்மா படுத்தே இருந்தா இன்னும் தளர்ந்து போகுது. வசதி இருக்கறவங்க பேசற பேச்சுன்னு நினைக்காதீங்க, நாங்க வாடகை வீடு, வேலைக்காரம்மா கிடையாது.

கேட்டதுக்கு இது சம்பந்தம் இல்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகையில எம்.எஸ். பேரும் இருக்கு. அதை நம்பி சர்டிஃபிகேட்டுக்கு போனா லிஃப்ட் இல்லாத மாடியில ஏத்தி, வராண்டாவுல மத்தியானம் வரை நிக்க வச்சு, கடைசியில "நல்லாத்தானே நடந்து வர்றீங்க"ன்னு கேக்கறாங்க. குறைபாடு 40 சதவீதம்னு போட்டாத்தான் முக்கியமான சலுகை எல்லாம், இந்த சோர்வை எந்த சதவீதத்துல போடுவாங்க? அந்த மாடி ஏறினதுக்கு நான் ஒரு வாரம் படுத்தேன், அதை எந்த ஃபாரத்துலயும் எழுத இடமில்ல. இன்னிக்கு வரைக்கும் ஆத்திரம் ஆறல.

நான் டாக்டர் இல்ல, ஆனா இதை மட்டும் அவங்க டாக்டர் கிட்ட கேளுங்க: ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி பாத்தாச்சா, ராத்திரி யூரினுக்கு அடிக்கடி எழுந்து தூக்கம் கெடுதா, மனசு சரியா இருக்கா. எல்லா சோர்வையும் எம்.எஸ். தலையில போட்டுட்டா சரி பண்ணக்கூடியதும் விட்டுப் போயிடும். மாத்திரை பத்தியும் கேட்டிருந்தீங்க. இந்த சோர்வுக்கு எழுதிக் கொடுக்கற அமான்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூணையும் மருந்தே இல்லாத டம்மி மாத்திரையோட வச்சு பாத்த ஒரு ஆய்வு 2021ல வந்துச்சு, சோர்வுக்கு டம்மியை விட மேல்னு வரல. அவங்களுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்து அது கேக்குதுன்னா இதை படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர் கிட்ட பேசுங்க, போறப்போ உங்க அம்மாவையும் கூட்டிட்டு போங்க.